எந்தக் குழாய் என்று யாரும் கேட்பதில்லை

நம் ஆட்களில் ஒருவருக்கு ஸ்ட்ரோக் வந்துவிட்டது என்று தெரிந்தால், போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "வலப் பக்கமா, இடப் பக்கமா?" அடுத்தது, "நடக்குறாங்களா?" இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் நோய் முழுவதையும் கேட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் அத்தைக்கு வந்தபோது சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து தேவகோட்டை வரை அத்தனை பேரும் இதையேதான் கேட்டார்கள். அத்தை நடக்கிறார் என்றதும், "அப்ப லேசாத்தான் வந்திருக்கு, சாமிக்கு ஒரு தேங்காய் உடைச்சிருங்க" என்று போனை வைத்துவிட்டார்கள். அத்தையால் அப்போது தன் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை.

எந்தப் பக்கம் என்பதைவிடப் பெரிய கேள்வி மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் எந்தக் குழாய் என்பது. அடைத்ததா உடைந்ததா, பெரியதா மயிரிழையா, முன்னால் போவதா பின்னால் போவதா. ஒருவர் எதை இழக்கிறார், எது திரும்பி வரும், அடுத்தது வராமல் தடுக்க எந்த மாத்திரை என்பதெல்லாம் அந்தக் கேள்வியின் பதிலில்தான் இருக்கிறது. நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஜூரோங்கில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிறவன். ஆனால் வார்டில் நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவனுக்கு வாசிக்கவும் டாக்டர்களை நச்சரிக்கவும் நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

மூளை ஏறக்குறைய 1.4 கிலோ. உடம்பின் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடம்புக்குள் போகும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் அதற்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நாம் தூங்கும்போதும். கல்லீரலும் தசையும் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூளையிடம் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி சேமிப்பு ஒன்றும் கிடையாது. ரத்தம் முழுதாக நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். சில நிமிடங்களில் செல்கள் சாகத் தொடங்கிவிடும்.

இந்த ரத்தம் நான்கு குழாய்கள் வழியாக மேலே ஏறுகிறது. கழுத்தின் முன்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு, விரல் வைத்தால் துடிக்குமே, அவை கரோட்டிட். பின்பக்கம், கழுத்தெலும்புகளில் இருக்கும் துளைகளின் ஊடே ஏறுகிறவை வெர்ட்டிப்ரல். பின்னவை இரண்டும் மண்டைக்குள் போய் பேசிலர் என்ற ஒரே குழாயாகின்றன. அப்புறம் முன்னதும் பின்னதும் மூளையின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன இணைப்புகளால் ஒரு வளையமாகச் சேர்கின்றன. 1664ல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் இந்த வளையத்தை விளக்கிப் புத்தகம் போட்டார். அதற்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென், பிற்பாடு லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த அதே ரென். வளையத்துக்கு இன்றும் வில்லிஸின் பெயர்தான். அவர் அறுத்துப் பார்த்த ஓர் உடலில் ஒரு பக்கக் கரோட்டிட் அடியோடு அடைத்துக் கிடந்தது. ஆனால் உயிரோடிருந்தவரை அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்ததில்லை. மற்றக் குழாய்கள் வளையம் வழியாக ஈடுகட்டியிருக்கின்றன.

நம் எம்ஆர்டி வட்டப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ரயில் நின்றுபோனால் மறுபக்கம் சுற்றிக்கொண்டு போகலாம் என்பதுதான் வட்டத்தின் லாபம். ஆனால் 2009ல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை நெடுங்காலம் பெயரில் மட்டும்தான் வட்டமாக இருந்தது. மூளை வளையமும் அப்படியே. பாடப்புத்தகப் படத்தில் உள்ளதுபோல முழு வளையம் பாதிப் பேருக்குக்கூடக் கிடையாது. எங்காவது ஓர் இணைப்பு மெலிந்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. பிறவியிலேயே அமைந்துவிடும் இந்த வித்தியாசம் வாழ்நாள் முழுக்க யாருக்கும் தெரியாது. கழுத்தில் அதே அடைப்பு வந்து, ஒருவர் ஒன்றுமே நடக்காதவர்போல் இருப்பதற்கும் இன்னொருவர் படுக்கையில் விழுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

வளையத்தைத் தாண்டிவிட்டால் மாற்று வழிகள் குறைவு. அங்கிருந்து பக்கத்துக்கு மூன்று பெரிய கிளைகள் கிளம்புகின்றன. முன் கிளை போகும் இடத்தில் காலை ஆட்டுவிக்கும் பகுதி இருக்கிறது. பின் கிளை பார்வைக்கு. நடுக் கிளைதான் இருப்பதிலேயே பெரிய பரப்புக்கு ரத்தம் கொண்டுபோகிறது: முகம், கை, இடப் பக்கமானால் பெரும்பாலோருக்கு மொழியும். அதன் விட்டம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். அத்தைக்கு அடைத்தது இடது நடுக் கிளை.

குழாய்க்கு இரண்டு கேடு வரும்: அடைக்கும், அல்லது உடையும். ஏறக்குறைய ஐந்தில் நான்கு ஸ்ட்ரோக் அடைப்பு, மீதி கசிவு. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். அதே கோணிய வாய், அதே தொங்கும் கை. கசிவென்றால் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம். எவ்வளவு அனுபவம் உள்ள டாக்டரும் ஆளைப் பார்த்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. வைத்தியமோ நேரெதிர். அடைத்தவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்க வேண்டும். அதே மருந்தைக் கசிகிறவருக்குப் போட்டால் கதை முடிந்தது. அதனால்தான் உள்ளே நுழைந்ததும் நம்மை ஒரு வார்த்தை பேசவிடாமல் சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். புதிதாகக் கசிந்த ரத்தம் அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய அந்த இயந்திரத்தில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது 1971ல்தான். என் தாத்தா காலத்து டாக்டர்கள் பெரும்பாலும் ஊகித்துத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுப்பார்கள் என்று எங்கோ கேட்டுவிட்டு, ஸ்ட்ரோக் வந்தவரின் வாயிலும் ஒன்றைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. உடைந்த குழாயாக இருந்தால் என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். பாதி முகம் செயலிழந்தவருக்கு விழுங்க வராது, மாத்திரையும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போகும் என்பது இன்னொரு பக்கம். பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் ஸ்ட்ரோக் நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அதை எழுதிய புண்ணியவான் யாரோ தெரியாது. விரலைக் குத்திக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர் பொறுப்பேற்கப் போவதில்லை.

சரி, அத்தைக்கு வருகிறேன். ஈசூனில் இருக்கிறார். மாமா காலமான பிறகு கூட இருப்பது இந்தோனீசியப் பணிப்பெண் ஒருவர்தான். ஒரு நாள் காலையில் எழுப்பப் போனபோது அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வலக் கை துவண்டு கிடக்கிறது, வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. அந்தப் பெண் எங்களில் யாரையும் அழைக்கவில்லை. நேரே 995. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்த பிறகுதான் அத்தை மகனுக்குத் தகவல். "நம்மளக் கேக்காமலே கூப்பிட்டுட்டா" என்று குடும்பத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒருவர் வழக்கமான கிளினிக் எப்போது திறக்கும் என்று பார்த்திருப்பார், இன்னொருவர் கிராப் டாக்ஸி பிடித்து நானே வருகிறேன் என்றிருப்பார். ஆம்புலன்ஸில் போனால் சந்தேகம் ஸ்ட்ரோக் என்று முன்கூட்டியே தகவல் போய்விடும், ஆள் போய்ச் சேரும்போது அங்கே தயாராக இருப்பார்கள். உண்மையான அவசரத்துக்கு 995 காசு வாங்குவதும் இல்லை.

மருத்துவமனையில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்ப பாத்தீங்க?" என்பதல்ல. "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்பது. தூக்கத்தில் எந்த நேரத்தில் அடைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கடிகாரம் முந்தின இரவு அத்தை வசந்தம் டிவியில் செய்தி பார்த்துவிட்டுப் படுக்கப் போன நேரத்திலிருந்து ஓடுகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து வேலை செய்கிறது என்று 1995ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அப்போது 3 மணி நேரம்தான் கெடு. 2008ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. அத்தைக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

அப்படியானால் அவ்வளவுதானா என்றால், இல்லை. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் கிடைக்க வேண்டும். அது 20க்குக் கீழே இறங்கினால் செல் வேலையை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. 10க்குக் கீழே போனால்தான் சாவு. அடைத்த குழாயின் பரப்பில் நடுவில் செத்த பகுதியும், அதைச் சுற்றி, அக்கம்பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் கொஞ்ச ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் பகுதியும் இருக்கும். இந்தச் சுற்றுப் பகுதியைத்தான் எல்லா வைத்தியமும் குறிவைக்கிறது. நேரம் ஆக ஆக நடுப்பகுதி விரிந்து சுற்றுப்பகுதியைத் தின்றுகொண்டே போகும். பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று 2006ல் ஓர் அமெரிக்க மருத்துவர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் இல்லை. பக்கத்துக் குழாய்கள் நன்றாக அமைந்தவர்களுக்கு அது மெதுவாக நடக்கும். அத்தைக்கு அப்படி அமைந்திருந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேனில் செத்தது கொஞ்சமும் தவிக்கிறது நிறையவுமாக இருந்தது.

தொடை இடுக்கில் துளை போட்டு, மெல்லிய குழல் ஒன்றை இதயத்துக்கு மேலே கொண்டுபோய், கழுத்து வழியாக மூளைக்குள் ஏற்றி, கம்பி வலையால் கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். இந்த முறையின் பலனை 2015ல் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஆய்வுகள் உறுதிசெய்தன. தவிக்கும் பகுதி மிச்சமிருக்கிறவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018ல் வெளியான ஆய்வு சொன்னது. அத்தையிடமிருந்து எடுத்த கட்டியைப் பார்த்தேன். கருஞ்சிவப்பில், ஒரு மிளகு அளவுகூட இல்லை. அது இதயத்தில் உருவானது. இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடித்துக்கொண்டிருந்தால் அங்கே ரத்தம் தேங்கி உறையும், உறைந்தது ஒரு நாள் கிளம்பி மேலே போகும். அத்தை இரண்டு வருடமாக "நெஞ்சு படபடங்குது" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வயசாச்சுல்ல என்றோம்.

எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியவருக்கு, பாச்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிறவருக்கு, வந்தது முற்றிலும் வேறு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நல்ல உடம்புக்காரர். அவருக்கு உடைந்தது மயிரிழைக் குழாய். நடுக் கிளையிலிருந்து செங்குத்தாகப் பிரிந்து மூளையின் ஆழத்துக்குள் நுழையும் நுண்குழாய்கள் உண்டு. அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. பெரிய குழாயிலிருந்து படிப்படியாகச் சிறுத்து வராமல் நேரடியாகப் பிரிவதால், பெரிய குழாயின் அழுத்தம் அப்படியே இவற்றின் சுவரில் போய் மோதுகிறது. வருடக்கணக்கில் மோதினால் சுவர் தடித்து அடைக்கும், அல்லது நைந்து உடையும். அடைத்தால் மூளைக்குள் ஒரு சின்னக் குழி விழும். இந்தக் குழிகளைப் பற்றி 1960களில் விரிவாக எழுதியவர் மில்லர் ஃபிஷர் என்ற கனடிய மருத்துவர். பல குழிகள் விழுந்தது ஆளுக்கே தெரியாது. குழிகள் சேரச்சேர நடை தளரும், மறதி வரும், "அப்பாவுக்கு வயசாயிருச்சு" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். உடைந்தாலோ ஒரே நாளில் எல்லாம் தெரிந்துவிடும். பாச்சிக் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்தான். ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்கு என்று சில மாதங்களாக நிறுத்தியிருந்தார் என்று அவர் மனைவி மாச்சிக் அழுதுகொண்டே சொன்னார். தொந்தரவு கொடுக்காமல் இருப்பதுதானே ரத்த அழுத்தத்தின் வேலையே.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இதே காரணத்தால் இறந்தவர். 1944 மார்ச்சில் பரிசோதித்தபோது அவருடைய அழுத்தம் 186க்கு 108. 1945 ஏப்ரல் 12 அன்று, ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருந்தபோது பின்தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அளந்தபோது 300ஐத் தாண்டியிருந்தது. 63 வயது. அன்றைக்கு அதைக் குறைக்க உருப்படியான மருந்து கிடையாது. இன்று பலதுறை மருந்தகத்தில் வரிசையில் நின்றால் சில வெள்ளிக்குக் கிடைக்கும் மாத்திரை, உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த அதிபருக்குக் கிடைக்கவில்லை. நாம் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, மறுபடியும் அப்பாயின்ட்மென்ட் வரும் வாரத்தில் எடுத்து விழுங்குகிறோம்.

ஆசியர்களாகிய நமக்கு இன்னொரு வம்பும் உண்டு. வெள்ளையர்களுக்குக் கொழுப்புப் படிவது பெரும்பாலும் கழுத்துக் குழாயில். நமக்கும் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் மண்டைக்குள் இருக்கும் குழாய்களிலேயே படிவது அதிகம். கழுத்தில் படிந்தால் அறுவை செய்து சுரண்டி எடுக்கலாம். உள்ளே படிந்ததற்குப் பெரும்பாலும் மாத்திரைதான் கதி. அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிகரெட் என்று திரும்பத் திரும்ப அதே பல்லவியை டாக்டர்கள் பாடுவது இதனால்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று உட்காரும் நம் சாப்பாட்டுத் தட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. எனக்கும் கருவாடு பிடிக்கும்.

இந்த ஊரில் எல்லாரும் அறிந்த ஸ்ட்ரோக் 2016 மே 12ல் நடந்தது. அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் அமைச்சரவைக் கூட்டத்தின் நடுவில் மயங்கி விழுந்தார். அது மூன்றாவது வகை. குழாய்கள் பிரியும் மூலையில் சுவர் பலவீனப்பட்டுக் குமிழாகப் புடைத்து, அந்தக் குமிழ் ஒரு நாள் வெடிப்பது. வில்லிஸ் வளையமும் அதன் சுற்றுவட்டாரமும்தான் இத்தகைய குமிழ்களுக்குப் பிடித்த இடம். ரத்தம் மூளைக்குள் போகாமல் மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலக்கும். ஆள் நினைவோடு இருந்தால், வாழ்நாளிலேயே இப்படி ஒரு தலைவலி வந்ததில்லை என்பார்கள். ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. கை கால் விளங்காமல் போக வேண்டும் என்பதில்லை, அதனால்தான் மைக்ரேன் என்று பெனடால் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். அமைச்சருக்கு டான் டோக் செங் மருத்துவமனையில் அறுவை நடந்தது. அமைச்சரவையில் டாக்டர்கள் இருந்தது அவர் அதிர்ஷ்டம். ஜூன் கடைசியில் வீடு திரும்பினார், ஆகஸ்டில் வேலைக்கும் வந்துவிட்டார். அதே ஆண்டு ஜூலை 31 காலையில் முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. ஆகஸ்ட் 22ல் 92 வயதில் அவர் காலமானார். ஒரே பெயரில் வந்த நோய், சில மாதங்களுக்குள் இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக முடிந்தது.

பின்பக்கக் குழாய்களைப் பற்றி ஒன்று. முகம், கை, பேச்சு என்று லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அது முன்பக்கக் குழாய்களுக்குத்தான் சரியாகப் பொருந்தும். வெர்ட்டிப்ரலும் பேசிலரும் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் போகின்றன. அங்கே அடைத்தால் திடீர்த் தலைசுற்றல், நிற்க முடியாமல் ஒரு பக்கம் சாய்வது, ஒன்று இரண்டாகத் தெரிவது, விடாத வாந்தி. அதனால்தான் இப்போது சமநிலையையும் கண்ணையும் சேர்த்துச் சொல்கிறார்கள். என் நண்பரின் அப்பாவை ஒரு கிளினிக்கில் காதுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மனிதர் அன்று சுவரைப் பிடிக்காமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாத நிலையில் இருந்திருக்கிறார்.

அத்தைக்குக் கட்டி எடுத்த மறுநாளே வலக் கால் அசைந்தது. அடுத்த வாரம் கைப்பிடித்து நடந்தார். மொழி வரவில்லை. சொல்வது ஓரளவு புரிகிறது, சொல்ல வரும்போது வார்த்தை தொண்டையோடு நின்றுவிடுகிறது. முகத்தில் அவ்வளவு தவிப்பு. முதலில் வந்தது ஒரு வசவு. தாதி ஊசி போட்டபோது, "நாசமாப் போறவளே" என்று தெள்ளத் தெளிவாக. நாங்கள் சந்தோஷத்தில் அழுதோம். தாதி தமிழர் இல்லை, நல்லவேளை. அதற்குப் பிறகு பல நாள் ஒன்றுமில்லை. வசவு, எண்ணுவது, கிழமை சொல்வது, பாட்டு, இவையெல்லாம் யோசித்துச் சொல்லும் பேச்சின் வழியில் வருவதில்லை, அதனால் தப்பித்துக்கொள்கின்றன என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். முருகன் பாட்டை யாராவது எடுத்துக் கொடுத்தால் அத்தை முழுவதையும் பாடிவிடுவார். பாட்டு முடிந்ததும் தண்ணீர் வேண்டுமென்று கேட்கத் தெரியாது.

அப்புறம் வந்தது "சூடா". எதைக் கேட்டாலும் சூடா. அத்தை மகள் காப்பியை ஆவி பறக்கக் கொண்டுவந்து நீட்டினாள். சாப்பாட்டைச் சூடாக்கினாள். வெந்நீர் வைத்தாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். பணிப்பெண்தான் கண்டுபிடித்தார், அது மலாய். ஆயிற்று, போதும் என்ற அர்த்தத்தில் சொல்வார்களே, அந்தச் சூடா. அத்தை முப்பது வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே பேச்செல்லாம் மலாயில்தான். 1861ல் பாரிஸில் பால் புரோக்கா பார்த்த நோயாளி ஒருவரும் எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே ஒலியைத்தான் சொல்வாராம். அவர் இறந்த பிறகு இடது முன்மூளையில் பழுதைக் கண்டுதான் பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்று புரோக்கா சொன்னார். மருத்துவமனையில் அந்த நோயாளிக்குப் பெயரே டான் ஆகிவிட்டது. நம் ஊரில் அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு சீனர்கள்.

பல மொழி பேசுகிறவருக்கு எந்த மொழி முதலில் திரும்பும் என்பதைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். முதலில் கற்ற மொழிதான் நிலைக்கும் என்றார் ரிபோ. நோய்க்கு முன்னால் அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் வரும் என்று 1895ல் எழுதினார் பித்ர். உண்மையில் பெரும்பாலோருக்கு எல்லா மொழிகளும் சேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகின்றன. சிலருக்கு மட்டும் ஒன்று முந்திக்கொள்ளும். அத்தைக்கு மலாய் முந்தியது. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் இளம் சீனப் பெண். தமிழ்ச் சொற்களை எங்களிடம் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, "இத்து என்னா?" என்று கரண்டிப் படத்தைக் காட்டுவார். அவருடைய தமிழைத் திருத்தும் ஆர்வத்திலேயே அத்தைக்குச் சில வார்த்தைகள் வந்தன என்பது என் சந்தேகம்.

இனி வருவது என் மனத்தாங்கல். பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்களுக்குப் பணம் தரும் காப்புறுதித் திட்டமான கேர்ஷீல்டு லைஃப் 2020ல் வந்தது, அதற்கு முன் 2002லிருந்து எல்டர்ஷீல்டு. இரண்டிலும் அளவுகோல் ஒன்றே. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாவிட்டால் மாதாமாதம் பணம். அத்தை ஆறையும் செய்கிறார். ஆனால் காப்பிக்கடையில் போய் பால் சேர்க்காத ஒரு காப்பி ஓ கேட்க முடியாது. வங்கியில் அவர் சொல்வது யாருக்கும் புரியாது. வாசலில் யாராவது வந்து ஏமாற்றினால் போன் செய்து சொல்ல முடியாது. பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை, எங்காவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். பேச்சைச் சேர்க்காத கோடு நியாயமானது என்று மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உறவினர்களின் "நடக்குறாங்களா?" என்ற கேள்வியும் இந்தப் பட்டியலும் ஒரே ஆளைப் பார்த்து ஒரே மாதிரி ஏமாந்துபோகின்றன.

இப்போது வீட்டில் சண்டை எதைப் பற்றி என்றால், எந்த மொழியில் பேசுவது என்று. பணிப்பெண்ணும் அத்தையும் நாள் முழுக்க மலாயும் இந்தோனீசிய மொழியும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அரைகுறை வாக்கியம்தான், ஆனால் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அத்தை மகனுக்கு அது பிடிக்கவில்லை. "இப்படியே போனா தமிழ் மறந்திரும், வீட்ல தமிழ்ல மட்டும் பேசச் சொல்லுங்க" என்கிறார். பயிற்சியாளரிடம் கேட்டோம். வருகிற மொழியில் பேசவிடுங்கள், ஒன்று பழகினால் மற்றதற்குக் கெடுதல் இல்லை என்றார். அத்தை மகன் சமாதானமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து பழைய போட்டோக்களைக் காட்டி, "இது யாரும்மா? சொல்லு, தமிழ்ல சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். போன வாரம் மூன்றாவது போட்டோவில் அத்தை அவரை நிமிர்ந்து பார்த்து, "சூடா" என்றார். இந்தத் தடவை காப்பி கொண்டுவர யாரும் எழுந்திருக்கவில்லை.